ஜெயந்தி காரின் பின்கண்ணாடி

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடி கீழே விழுந்தால் வருமே, அந்த அளவுதான். டிக்கிக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு நான் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தேன். கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளையாக மாறியது. விழவில்லை, அப்படியே நின்றது. நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் நடுவிலிருந்து சரிய ஆரம்பித்து, கல் உப்பு மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி பொலபொலவென்று கொட்டியது. பாதி காருக்குள்ளே, பாதி என் காலடியில்.

விருத்தாசலத்தில், நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியின் வாசல் அது. சித்திரை மாதத்து மத்தியான வெயில். செல்போன் அப்போதுதான் எங்கள் பக்கம் ஒவ்வொருவர் கையிலாக வர ஆரம்பித்திருந்த காலம். வாசலில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

கார் என் ஓரகத்தி ஜெயந்தியுடையது. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. அவள் அப்போது கம்பெனிக்கு உள்ளே இருந்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, ஆட்டுக்குக் கழிச்சல், மாட்டுக்கு மடி வீக்கம் என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்களோடு பதினோரு வருஷம் வேலை செய்தவள் நான். அன்றைக்கு என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்க ஒருத்திகூட வெளியே வரவில்லை.

மாட்டு டாக்டரம்மா

ஜெயந்தி பெண்ணாடம் பக்கத்தில் அரசாங்க கால்நடை மருத்துவர். நாங்கள் எல்லோரும் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரே வீட்டில் இருந்தோம். மாமியார், நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், அப்புறம் ஜெயந்தி. கொழுந்தனாருக்கு ஓசூரில் வேலை. மாதம் ஒரு முறை வருவார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளை எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. என் தலையைப் பின்னிவிடுவாள். "அக்கா, அக்கா" என்று சமையலறையில் என் பின்னாலேயே நிற்பாள். சோறு வடிக்கத் தெரியாது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

பிறகு ஒரு நாள் பாதி ராத்திரியில் எங்கள் வீட்டு மாடே கன்று ஈன முடியாமல் கஷ்டப்பட்டது. இவள் கையை முழங்கைக்கு மேல் உள்ளே விட்டு, கன்றைத் திருப்பி வெளியே எடுத்தாள். மறுநாளிலிருந்து மாமியார் வாயில் அவள் பெயர் "டாக்டரு". நான் "ஏ, செல்வி"தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் நானும் பயாலஜிதான். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று மனு வாங்கி வைத்திருந்தேன். அதைப் பூர்த்தி செய்யும் முன்பே எனக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஜெயந்தி ஆஸ்பத்திரிக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போடும்போதெல்லாம் அந்த மனுவின் நிறம் ஞாபகம் வரும். இளநீலம்.

எனக்குக் கம்பெனியில் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வந்த ஃபியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்ல சரக்கு. தொண்டை கட்டினாற்போல் கேட்டால் உள்ளே மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் என் காதுக்குத் தெரியும். இந்த வேலையை வீட்டில் யாரும் ஒரு வேலையாக நினைத்தது இல்லை.

அப்புறம் கார் வந்தது. கிராமம் கிராமமாகப் போக வேண்டியிருக்கிறது என்று பாண்டிச்சேரியில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, அவளே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பழமலைநாதர் கோயில் முன்பு பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினாள். பின்கண்ணாடியில் செம்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடின. என் வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ரேடியோவே வரும் போலருக்குது" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் நான் வாங்கிய எந்தப் பொருளையும் அவர் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

ஒரு வார்த்தை

அன்றைக்கு நான் காரில் ஏற்றியது ஒரு மரப்பெட்டி. என் மகளின் காதுகுத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க, கம்பெனியில் இரண்டாம் தரமாக ஒதுக்கிய சின்னச் சின்னப் பீங்கான் மயில்கள். வைக்கோல் திணித்து அடுக்கியிருந்தேன்.

ஜெயந்தி உள்ளே போகும்போதே சொன்னாள், "டிக்கிய நா வந்து மூடிக்கிறேங்க்கா, நீங்க வுட்டுடுங்க" என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் கதவு கொஞ்சம் சண்டித்தனம் செய்யும். எனக்கு மட்டும், இந்தக் கதவைச் சாத்தக்கூட உனக்குத் தகுதியில்லை என்று சொன்ன மாதிரி கேட்டது. அதனால்தான் ஓங்கிச் சாத்தினேன். பெட்டியின் சட்டத்துக்கு வெளியே ஒரு மயிலின் அலகு நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

கொட்டிய கண்ணாடியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இன்னும் ஏற்றவே இல்லை, டிக்கியைத் தொடவே இல்லை என்பதுபோல் பெட்டியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அதன் மேல் விழுந்திருந்த கண்ணாடித் துகளை முந்தானையால் தட்டிவிட்டேன். பிறகுதான் உள்ளே போய்ச் சொன்னேன்: "ஜெயந்தி, உன் காரு கண்ணாடி தானா கொட்டிக் கெடக்குது. வெயிலுக்கு வெடிச்சிருக்கும்."

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஜெயந்தி டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய இரும்புப் பெட்டி ஒன்று பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மாட்டுக்கான கருவிகள் வைக்கும் பெட்டி. காலையில் அதை ஏற்றியது அவள் மருந்தகத்து உதவியாளர் ராசேந்திரன். ஐம்பது வயசு மனிதர், இருபது வருஷ சர்வீஸ்.

"இந்த ராசேந்திரன் அண்ணன்கிட்ட எத்தன வாட்டி சொல்றது. பொட்டிய கண்ணாடி மேல சாய்ச்சி வச்சிருக்காரு பாருங்கக்கா. அதான் ஒடஞ்சிருக்குது."

நான், "இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான்.

மிளகாய் நெடி

பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமியார் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார், கண்ணு பட்டுடுச்சு என்று. மிளகாயும் உப்பும் எடுத்துவந்து என் கையில் கொடுத்து, காரைச் சுற்றிப் போடச் சொன்னார். வீட்டுக்கு மூத்த மருமகள் நான்தானே.

நான் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். கொஞ்சமும் நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம் என்று அர்த்தம். மாமியார் அடுப்பையே பார்த்துக்கொண்டு, "யாரு கண்ணோ தெரியல, பொல்லாத கண்ணா இருக்குது" என்றார். நான் விறகைத் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததை என் வீட்டுக்காரர் பால் ஊற்றப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். மருந்தகம் இருக்கும் ஊரின் பால் சொசைட்டி வாசலில், மாடு ஓட்டி வந்த அத்தனை பேர் நடுவிலும் ஜெயந்தி ராசேந்திரனைச் சத்தம் போட்டிருக்கிறாள். பொறுப்பில்லை, சொன்னது காதில் ஏறுவதில்லை என்று ஏதேதோ.  அவர் மருந்தகச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. டாக்டருக்கும் ஊரில் ஒரு கெட்ட பெயர் வந்தது என்று ஒரு சின்னத் திருப்தி. ராசேந்திரன் என்ற ஒரு மனுஷர் இதில் இருக்கிறார் என்பது அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று மெதுவாகத்தான் உறைத்தது. அதற்குள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது

ஜங்ஷன் ரோட்டில் இருந்த மெக்கானிக் கையை விரித்துவிட்டார். முன்கண்ணாடி என்றால் வரவழைக்கலாம், பின்கண்ணாடியில் பல தினுசு இருக்கிறது, பாண்டிச்சேரிக்கே போய்விடுங்கள் என்றார். கொழுந்தனார் ஊரில் இல்லை. தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, நீங்களும் வாங்கக்கா என்று ஜெயந்தி என்னைக் கூப்பிட்டாள். அடுத்த சனிக்கிழமை, பிளாஸ்டிக் தாள் படபடவென்று அடிக்க இரண்டு பேரும் போனோம்.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயசு இருக்கும். நாங்கள் உட்கார்ந்ததும், வீட்டில் ஆம்பளைங்க வரலியா என்று கேட்டார். ஜெயந்தி சிரித்துக்கொண்டே, "வண்டி எனக்குத்தாங்க பாய். எங்கிட்ட சொன்னா போதும்" என்றாள். இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு ஏன் வராது என்று அப்போதும் எரிந்தது.

பாய் நல்ல பொறுமைசாலி. பின்கண்ணாடி கேட்டால் முதலில் நாலு விஷயம் பார்க்க வேண்டும் என்றார். கோடு போட்டதா, வெறுமையா? அந்தக் கோடுகள் அழகுக்கு இல்லை. பட்டனை அழுத்தினால் மின்சாரம் ஓடிச் சூடாகி, பனிக்காலத்தில் கண்ணாடி மேல் படியும் ஈரத்தை விலக்கும். அதற்கு இரண்டு ஓரத்திலும் ஒயர் மாட்ட ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். மேலே தனியாக ஒரு கோடு போனால் அது ரேடியோவுக்கு. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது. அப்புறம் வைப்பருக்கு ஓட்டை உண்டா, கண்ணாடிக்கு லேசான பச்சைச் சாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். மற்றக் கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் சின்ன முத்திரையை அவரே குனிந்து படித்து, அதற்குப் பொருந்துகிறதை எடுத்து வந்தார்.

சுற்றிலும் கறுப்புப் பட்டை, அதை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள். வெறும் அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பட்டைக்கு அடியில்தான் பசை இருக்கிறதாம். வெயில் பட்டுப் பசை கெட்டுப்போகாமல் அது மறைக்கிறது.

கோடு இல்லாத கண்ணாடி உடனே கிடைக்கும், விலையும் குறைவு என்றார். நான் அவசரமாக, அது போதுமே, இந்த வெயில் ஊருக்குக் கோடு எதற்கு என்றேன். அந்தக் கோடுகள் இல்லாத காரைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ஜெயந்தி ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் விடியற்காலை வெள்ளாற்றங்கரை ஊர்களுக்குப் போகும்போது பின்னால் ஒன்றுமே தெரிவதில்லை, கரும்பு வண்டி வருகிற ரோடு, ரிவர்ஸ் எடுக்கப் பயமாக இருக்கிறது, அதே கண்ணாடிதான் வேண்டும் என்றாள்.

முன்கண்ணாடி உடைந்தால் ஏன் இப்படிக் கொட்டுவதில்லை என்றும் கேட்டாள். அது இரண்டு தகடு, நடுவில் ஒரு பிசின் தாள், உடைந்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றார் பாய். பின்கண்ணாடி ஒற்றைத் தகடு. நன்றாகச் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பது. உடைந்தால் கத்தி மாதிரி கீறாமல் மணி மணியாக உதிரும்.

இதைக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இது என் பாடம். "வெளித்தோலு மொதல்ல எறுகிடும், உள்ள மெதுவா எறுகி அத இழுத்துப் புடிச்சிக்கும், அதானுங்க பாய்? எங்க சூளையிலயும் சரக்க அவசரமா ஆற வுட்டா உள்ள அந்த இழுப்பு நின்னுடும். கையால அழுத்துனா தாங்கும். ஒரு கெட்டியான மொனை பட்டா மொத்தமும் போயிடும்" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத நா எங்க பசங்களுக்கு வருஷக்கணக்கா சொல்றேம்மா. நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க."

ஜெயந்தியும் என்னைப் பார்த்தாள், பெருமையாக. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் முன்னால் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கன்னம் சுட்டது.

அடுத்து அவள் கேட்டாள், "அப்ப, இரும்புப் பொட்டி சாய்ஞ்சா ஒடையாதா பாய்?"

தட்டையாகச் சாய்ந்தால் ஒன்றும் ஆகாது, அக்கா சொன்ன மாதிரி முனை பட வேண்டும் என்றார் அவர். சொல்லிக்கொண்டே, பழைய பசையைச் சுரண்டிக் கதவின் அடிப்பக்கத்துப் பள்ளத்தில் கிடந்த துகளைத் துடைப்பத்தால் தள்ளினார். கண்ணாடி மணிகளோடு வெள்ளையும் நீலமுமாக ஒரு துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இது பீங்கான்மா" என்றார்.

நானாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஜெயந்தி அந்தத் துணுக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுப் பரணில் அதே நீலத்தில் நூறு மயில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்த பிறகுதான், "நாந்தான் சாத்துனேன் ஜெயந்தி" என்றேன்.

அவள் பாயிடம் கண்ணாடியைப் போடச் சொன்னாள்.

வடலூரைத் தாண்டி

பசை பிடிக்கும்வரை மூன்று மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.  கிளம்பும்போது பாய், கதவை அடித்துச் சாத்தாதீர்கள், உள்ளே அடைபடும் காற்றே கண்ணாடியைத் தள்ளிவிடும், பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள் என்றார். கோடு இருக்கும் பக்கத்தைப் பிளேடு வைத்துச் சுரண்டக் கூடாது, கோட்டு வாக்கிலேயே துடைக்க வேண்டும் என்றார். ஜெயந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வடலூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க்கா சொல்லல? நா திட்டுவேன்னா?"

"இல்ல."

"பின்ன?"

இருட்டில் சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "பொறாம."

காரின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அது எனக்கு முன்னாடியே தெரியுங்க்கா. அதுக்கும் ராசேந்திரன் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தேன். 

எங்கள் ஊரில் அவள் நிறுத்தவில்லை. நேராகப் பெண்ணாடம் போய் ராசேந்திரன் வீட்டு வாசலில் நிறுத்தி, "எறங்குங்க" என்றாள். அவரும் அவர் மனைவியும் வெளியே வந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஜெயந்தி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் இரண்டையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"சரிங்க. வூட்ல வந்து சொன்னீங்க, சந்தோஷம்" என்றார். "ஆனா அன்னிக்கிப் பேசுனது சொசைட்டி வாசல்லீங்க டாக்டரு. அங்க நின்ன ஆளுங்களுக்கு நா இன்னும் கண்ணாடிய ஒடச்சவன்தான்."

சொசைட்டி வாசல்

திங்கட்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. பால் கேன்கள், மாடுகள், கன்றுகள். ராசேந்திரன் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். ஜெயந்தி என்னைக் காரில் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். என் மானத்தை அங்கே வாங்கத்தான் அழைத்துப் போகிறாள் என்று நினைத்தேன். வாங்கினால் அது நியாயம்தான்.

அவள் சொசைட்டிப் படியில் ஏறி நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"போன வாரம் இதே எடத்துல ராசேந்திரன் அண்ணன நா தப்பா பேசிட்டேன். கண்ணாடி ஒடஞ்சது அவரால இல்ல. வெசாரிக்காம பேசுனது என் தப்பு. எல்லாரும் கேட்டீங்க, அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். மன்னிச்சிக்கங்கண்ணே."

அவ்வளவுதான். என் பெயர் வரவில்லை. என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். பெண்கள் அவளைப் பார்த்த பார்வையை என்னால் இப்போதும் சொல்ல முடியும். திட்டியபோது போன மரியாதை அப்படியே திரும்பி வந்தது, கூடக் கொஞ்சம் சேர்ந்துகொண்டு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நானும் தப்பித்திருப்பேன். ஆனால் என் நெஞ்சுக்குள் அதே பழைய எரிச்சல், எப்போதையும்விட அதிகமாக எரிந்தது.

"ஒடச்சது நானுங்க" என்றேன்.  "நாந்தான் கதவ அடிச்சி சாத்துனேன். இவரு மேல பழி போனப்ப தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

இது யாரு என்று ஒருவர் கேட்க, டாக்டரம்மாவோட ஓரகத்தி என்று இன்னொருவர் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். ராசேந்திரன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.  நடந்து வந்து, ஊசி மருந்து வைத்திருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"கோமாரி ஊசி இன்னும் ரெண்டு தெருவு பாக்கி கெடக்குது. வெயிலு ஏறதுக்குள்ள போயிடலாங்களா?" என்றார் ஜெயந்தியிடம்.

இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பஸ்ஸுக்காக மதகுக் கட்டை அருகே போய் நின்றேன். பால் ஊற்றிவிட்டு வந்த ஒரு பெண் காலிக் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் கட்டை மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு என் வயசுதான் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தம்மாதான் ஒம் பேர சொல்லவே இல்லியே. நீயா எதுக்கு வந்து மாட்டிக்கிட்ட?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "அவ ஒருத்தியே நல்லவளா ஆயிட்டுப் போறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கேன் நழுவி மதகுக் கட்டையில் மோதியது. நானும் சிரித்துவிட்டேன். அவள் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.